எஞ்சி நிற்பவர்கள்

(சென்னையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘ஆட்குறைப்பும் ஊழியர் ஊக்கமும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைக்க வந்த இளைஞர்களிடம், “இந்த இரண்டையும் எதற்கப்பா ஒரே கயிற்றில் கட்டுகிறீர்கள்?” என்று கேட்டேன். “லே-ஆஃப் முடிந்த மறுவாரமே எங்கள் ஆபீஸில் மோட்டிவேஷன் செஷன் வைத்தார்கள் சார்” என்றார் ஒருவர். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்காமல் இருக்கிற சிலரையும் பார்க்கிறேன். அவர்கள் அந்த செஷனில் உட்கார்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

வேலை போனவர்களைப் பற்றிக் கொஞ்சமாவது எழுதப்படுகிறது. நான் பேச வந்தது வேலை போகாதவர்களைப் பற்றி. பக்கத்து நாற்காலி காலியான மறுநாளும் அதே லாக்-இன் போட்டு, அதே காலை மீட்டிங்கில் “நேற்று இதை முடித்தேன், இன்று இதைச் செய்வேன்” என்று ஒப்பிக்கிறவர்கள். பயம் அவர்களை இன்னும் கூடுதல் நேரம் உட்கார வைக்கும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மென்பொருள் தொழில் எதனால் நடக்கிறதோ, அதை அந்தப் பயம் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். இன்றைக்கு நான் சொல்லப் போவது இவ்வளவுதான். அதற்கு ஆதாரம் காட்டத்தான் மிச்ச நேரம்.

2023 ஜனவரி 20. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட், ஏறத்தாழ 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. மொத்த ஊழியரில் 6 சதவீதம். அறிவித்தவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. அமெரிக்காவில் பலர் விடிகாலையில் மின்னஞ்சலைத் திறந்துதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். சிலருக்கு அலுவலக மின்னஞ்சலே திறக்கவில்லை. பல ஆண்டு உழைத்தவர்கள் சக ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள முடியாமல் போனார்கள். பணத்தில் கஞ்சத்தனம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்: 16 வாரச் சம்பளம், அதற்கு மேல் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 வாரச் சம்பளம். நம் ஊர்க் கணக்கில் இது தாராளம். நஷ்டத்தில் தத்தளித்த நிறுவனமும் இல்லை. முந்தைய ஆண்டின் நிகர லாபம் சுமார் 6,000 கோடி டாலர்.

கூகுளை நான் எடுத்துக்கொள்ளக் காரணம் அதன் அளவு இல்லை. ஒரு குழு நன்றாக வேலை செய்ய எது தேவை என்று உலகத்துக்கே பாடம் எடுத்த நிறுவனம் அது. 2012 வாக்கில் ‘அரிஸ்டாட்டில்’ என்று பெயரிட்டு ஓர் உள் ஆய்வைத் தொடங்கினார்கள். 180 குழுக்களைப் பார்த்தார்கள். கெட்டிக்காரர்களை ஒன்றாகப் போட்டால் குழு ஜெயிக்குமா, ஒரே இடத்தில் உட்கார வைத்தால் ஜெயிக்குமா, நண்பர்களாக இருந்தால் ஜெயிக்குமா என்று துருவிப் பார்த்தார்கள். எதுவும் பிடிபடவில்லை. கடைசியில் முதலிடத்தில் வந்து நின்றது ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1999இலேயே எழுதிய ஒரு விஷயம்: உளவியல் பாதுகாப்பு. பெயர் பெரிது, பொருள் சின்னது. “எனக்கு இது புரியவில்லை”, “நான் தப்புப் பண்ணிவிட்டேன்”, “இந்தத் தேதிக்கு முடியாது” என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லலாம், சொன்னதற்காக அவமானமோ தண்டனையோ வராது என்ற நம்பிக்கை. இதை ஆராய்ந்து கண்டுபிடித்த கட்டடத்தில்தான் 2023இல் அடையாள அட்டை திடீரென்று கதவைத் திறக்க மறுத்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் கூகுள் ஊழியர் கூட்டத்தில் ஒருவர் இந்த நீக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஆட்குறைப்பு ஊழியர்களின் மனநிலையைப் பெரிதும் பாதித்தது, அதைச் செய்த விதம் சரியில்லை என்று பிச்சை ஒப்புக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அவர் சொல்லும்வரை அது யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். அங்கே மிச்சமிருந்த ஒன்றே முக்கால் லட்சம் பேருக்கும் ஜனவரியிலேயே தெரியும்.

ஏன் இத்தனை பேரை ஒரே சமயத்தில் அனுப்பினார்கள்? பெரிய மர்மம் இல்லை. கொரோனா காலத்தில் உலகமே திரைக்குள் புகுந்தது, வட்டியும் அமெரிக்காவில் ஏறக்குறைய பூஜ்யம். அள்ளி அள்ளி ஆள் எடுத்தார்கள். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் 2019 முடிவில் சுமார் 45,000 பேர். 2022 செப்டம்பரில் 87,000. 2022 மார்ச்சில் அமெரிக்க மைய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் அது ஐந்தே கால் சதவீதத்தைத் தாண்டியது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது; கணக்குத் தவறியது தன்னால்தான் என்று அதன் தலைவர் ஸக்கர்பெர்க் எழுதினார். நான்கு மாதம் கழித்து இன்னும் 10,000. மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் இரண்டு தவணையாக 27,000. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெஃப்ரி ஃபெஃபர் இதைத் தொற்று என்கிறார். பக்கத்து நிறுவனம் செய்கிறது, நாமும் செய்யாவிட்டால் முதலீட்டாளர் என்ன நினைப்பார் என்ற தொற்று. எனக்கு அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே படுகிறது.

அமெரிக்காவில் ஹெச்-1பி வேலை விசாவில் இருந்து வேலை இழந்தவர்களுக்கு அடுத்த வேலை தேட 60 நாள். பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன், ஊரில் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அந்த 60 நாளுக்குள். இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனை பேருக்கு அந்த நள்ளிரவு போன் வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

இப்போது எஞ்சியவர்களிடம் வருவோம்.

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1950களில் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும் கேட்டார்: வேலையில் நீங்கள் மிகவும் மகிழ்ந்த தருணம் எது, வெறுத்த தருணம் எது? இரண்டுக்கும் காரணம் வேறு வேறாக வந்தது. மகிழ்ச்சிக்குக் காரணம் சாதித்தது, பாராட்டப்பட்டது, வேலையின் ருசி, பொறுப்பு. வெறுப்புக்குக் காரணம் சம்பளம், மேலதிகாரி, கம்பெனி விதிகள், வேலைப் பாதுகாப்பு. பாதுகாப்பு இருப்பதால் யாரும் துள்ளிக் குதிப்பதில்லை. அது போய்விட்டால் மற்ற எதையும் ரசிக்க முடியாது. மோட்டிவேஷன் வகுப்பு எடுக்கிறவர்கள் முதல் பட்டியலை வைத்து இரண்டாவது பட்டியலின் ஓட்டையை அடைக்கப் பார்க்கிறார்கள். கேக் வெட்டுகிறார்கள், யோகா சொல்லித் தருகிறார்கள், ‘இந்த மாத நட்சத்திரம்’ என்று சட்டகம் போட்ட சான்றிதழ் தருகிறார்கள். சான்றிதழை வாங்கியவர் கையில் பிடித்துக்கொண்டே, அடுத்த பட்டியலில் நம் பெயர் இருக்குமா என்று யோசிக்கிறார்.

மேனேஜர்கள் என்னிடம் சொல்வது வேறு. “நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை சார். லே-ஆஃபுக்குப் பிறகு எல்லாரும் ஒழுங்காக வருகிறார்கள், ராத்திரி 10 மணிக்கு மெயில் போட்டால் 10:05க்குப் பதில் வருகிறது.” உண்மைதான், வரும். வராமல் போவது எது என்று பாருங்கள். கிளையன்ட்டிடம் ஒப்புக்கொண்ட தேதி சாத்தியமில்லை என்று முதல் வாரத்திலேயே தெரிந்த பெண் அதை எட்டாவது வாரம்வரை சொல்ல மாட்டாள். புதிதாக வந்த பையனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் இப்போது “டாக்குமென்டைப் படி” என்கிறார்; அந்த டாக்குமென்டையும் அவர் முழுசாக எழுத மாட்டார். எழுதி வைத்துவிட்டால் நான் எதற்கு என்ற கணக்கு. இதை ஒருவர் என்னிடம் நேராகவே சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், நல்ல பொறியாளர். அவருடைய கணக்கில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. அவரை அந்தக் கணக்குப் போட வைத்ததுதான் தப்பு.

டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நவுர், பின்னாளில் டியூரிங் விருது பெற்றவர். 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மென்பொருளின் உயிர் அதன் நிரலில் இல்லை, ஆவணத்திலும் இல்லை. அதைக் கட்டியவர்களின் தலைக்குள் இருக்கிறது என்பது அவர் வாதம். இது ஏன் இப்படி இருக்கிறது, இங்கே கை வைத்தால் எங்கே இடிக்கும், எதை நீட்டலாம், எதை நீட்டக் கூடாது என்ற புரிதல் மொத்தமும் அங்கே. அந்தக் குழு கலைந்துவிட்டால் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தாலும் செத்துவிட்டது என்றே சொல்கிறார். நம் மதுரைப் பக்கக் கண்மாய்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த மடையை எத்தனை நாழிகை திறந்தால் கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும் என்பது அவருக்குத்தான் தெரியும். அரசு வரைபடத்தில் மடைகள் எல்லாம் சரியாகவே இருக்கும்; வரைபடத்தை வைத்துக்கொண்டு பாய்ச்சிப் பாருங்கள்.

நம் கம்பெனிகளில் இதற்குக் கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) என்று ஒரு சடங்கு வைத்திருக்கிறோம். போகிறவர் இரண்டு வாரம் திரையைப் பகிர்ந்துகொண்டு பேசுவார், எல்லாம் பதிவாகும். அந்தப் பதிவுகளை யாராவது முழுதாகப் பார்த்து முடித்திருந்தால் கை தூக்குங்கள். சரி, ஒருவர் தூக்குகிறார், அவருக்குக் கைதட்டுங்கள். காலையில் தகவல், மதியம் லேப்டாப்பை ஒப்படை என்கிற இடங்களில் இந்தச் சடங்கும் கிடையாது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. 2022 அக்டோபர் இறுதியில் ஈலோன் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோது அங்கே சுமார் 7,500 பேர். ஒரு வாரத்தில் பாதிப் பேரை அனுப்பினார். கடுமையாக உழைக்கச் சம்மதமா, இல்லை மூன்று மாதச் சம்பளத்தோடு கிளம்புகிறாயா என்று மிச்சப் பேரைக் கேட்டார், பலர் கிளம்பினார்கள். அடுத்த ஏப்ரலில் மிச்சம் 1,500 பேர் என்று அவரே பிபிசியிடம் சொன்னார். தளம் அந்த வாரமே விழுந்துவிடும் என்று ஆரூடம் சொன்னவர்கள் ஏராளம். விழவில்லை. மெட்டாவின் பங்கு 2023இல் ஏறத்தாழ மூன்று மடங்கானது. ஆட்குறைப்பு செய்த நிறுவனம் அழிந்துபோகும் என்று உங்களிடம் சொன்னால் நான் பொய் சொல்கிறவனாவேன்.

ஆனால் கவனியுங்கள். ட்விட்டரில் அனுப்பியவர்களில் சிலரை ஒருசில நாளிலேயே திரும்பக் கூப்பிட்டதாகச் செய்தி வந்தது. 2023 மார்ச் 6ஆம் தேதி, உள்ளே செய்த ஒரு மாற்றத்தால் தளத்தின் இணைப்புகளும் படங்களும் திறக்காமல் நின்றன. அதாவது ஓடியது, ஒரு திருகைத் திருப்பினால் எங்கே என்ன கழலும் என்று தெரிந்தவர்கள் குறைந்த நிலையில் ஓடியது. நவுர் சொன்னது இதைத்தான். பங்கு விலைக்கு இது தெரியாது. மூன்று மாதக் கணக்கறிக்கையிலும் இதற்கென்று ஒரு வரி கிடையாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையில் நடப்பது கலிஃபோர்னியாவில் நடப்பதன் நகல் இல்லை. கூகுள் ஒரு பொருளை விற்கிறது. நம் சேவை நிறுவனங்கள் ஆளின் நேரத்தை விற்கின்றன. விற்றால் பில்லிங், விற்காவிட்டால் பென்ச். கீழே அகலமாக ஃபிரெஷர்கள், மேலே போகப் போகக் குறுகல். இந்த அமைப்பு குலையாமல் இருந்தால்தான் லாபம். அதனால்தான் ஃபிரெஷர் சம்பளம் பத்தாண்டுக்கு மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அதனால்தான் நடுவில் இருக்கிற 12, 15 ஆண்டு அனுபவக்காரர்கள் கணக்கில் உறுத்துகிறார்கள்.

2025 ஜூனில் டி.சி.எஸ். புதிய பென்ச் விதியைக் கொண்டுவந்தது: ஓராண்டில் குறைந்தது 225 நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பென்ச்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த மாதமே சுமார் 2 சதவீதம், அதாவது 12,000க்கும் சற்று அதிகமானோர், நடு மற்றும் மேல்நிலையில் உள்ளவர்கள், வெளியேற வேண்டியிருக்கும் என்று அறிவித்தது. அதற்கு முந்தைய நிதியாண்டில் அதன் நிகர லாபம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். இது செயற்கை நுண்ணறிவால் வந்ததில்லை, திறமைக்கும் தேவைக்கும் உள்ள பொருத்தமின்மையால் வந்தது என்று தலைமைச் செயல் அதிகாரி கிருதிவாசன் விளக்கினார்.

அந்த விளக்கத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக விரும்புகிறேன், ஏனென்றால் அது ஒரு கம்பெனியின் விளக்கம் மட்டும் இல்லை, இந்தத் தொழில் முழுக்கவே கேட்கிற விளக்கம். அந்தப் பதினைந்து ஆண்டுக்காரருக்குத் திறமை பொருந்தாமல் போனது எப்படி? ஏழாவது வருடம் அவர் இன்னும் நிரல் எழுதிக்கொண்டிருந்தபோது, “என்னப்பா, இன்னும் கோடிங்கா?” என்று கேட்டது யார்? பதவி உயர்வு வேண்டுமென்றால் ஆட்களை மேய்க்க வேண்டும், எக்ஸெல் நிரப்ப வேண்டும், கிளையன்ட் கால் எடுக்க வேண்டும் என்று பாதை போட்டது யார்? கல்யாணப் பத்திரிகையில் ‘டீம் லீட்’ என்று போட்டுப் பெருமைப்பட்ட நம் வீடுகளுக்கும் இதில் பங்குண்டு. பிடித்த வேலையை விட்டுவிட்டு வா என்று கூப்பிட்டு, வந்த பிறகு உனக்குத்தான் அந்த வேலை தெரியாதே என்பது என்ன நியாயம்? இதையெல்லாம் பக்கத்துக் கியூபிக்கிளில் இருக்கிற ஆறு ஆண்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வருடம் அவருக்கு உயர்வு தருகிறார்கள். வாங்கவா வேண்டாமா என்று பயப்படுகிறார். பதவி உயர்வையே ஆபத்தாக்கிவிட்ட பிறகு எதைக் காட்டி ஊக்கப்படுத்துவது?

35 நாள் விதி செய்கிற இன்னொரு காரியம்: பென்ச்சில் இருப்பவர் கிடைக்கிற எதிலாவது தொற்றிக்கொள்வார். ஜாவா தெரிந்தவர் நைட் ஷிப்ட் சப்போர்ட்டில் உட்காருவார். புதிதாக ஒன்றைக் கற்க நேரம் தரும் இடமாக ஒரு காலத்தில் இருந்த பென்ச், இப்போது நாள் எண்ணுகிற இடம்.

வேறு வழியே இல்லையா என்றால், செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1970இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது ஹ்யூலெட்-பேக்கார்டில் (ஹெச்.பி.) பத்தில் ஒருவர் கூடுதல் என்ற நிலை. பில் ஹ்யூலெட் ஆளைக் குறைக்கவில்லை. ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் விடுப்பு, எல்லோருக்கும் 10 சதவீதம் சம்பளக் குறைப்பு, அதிகாரிகளும் அடக்கம். ஏறக்குறைய ஆறு மாதத்தில் ஆர்டர்கள் மீண்டன. பழகிய கைகள் அங்கேயே இருந்தன. 2014இல் நின்டெண்டோவின் தலைவர் சதோரு இவாதா ஐந்து மாதத்துக்குத் தன் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டார். ஆளைக் குறைத்தால் இருப்பவர்களின் மனம் தளரும், தளர்ந்த மனதோடு உலகம் வியக்கும் விளையாட்டை யாரும் உருவாக்க முடியாது என்பது பங்குதாரர்களிடம் அவர் முன்பே சொல்லியிருந்த காரணம். அவரே நிரல் எழுதி வளர்ந்தவர். ஜப்பானில் ஆட்குறைப்புக்குச் சட்டம் எளிதில் இடம் தராது என்பதும் உண்மை, ஹெச்.பி. பிற்காலத்தில் பல்லாயிரம் பேரை அனுப்பியதும் உண்மை. தெய்வங்களைத் தேடாதீர்கள். செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி போதும்.

சில சமயம் ஆளைக் குறைத்தே ஆக வேண்டியிருக்கும். ஒரு கிளையன்ட் போய்விட்டான், ஒரு தொழில்நுட்பம் காலாவதியாகிவிட்டது, பணம் இல்லை. அப்போது எஞ்சியவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? ஜோயல் ப்ராக்னர் என்ற கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் இதையே பல ஆண்டு ஆராய்ந்தவர். போனவர்களை எப்படி நடத்தினார்கள், எந்த அளவுகோலில் தேர்ந்தெடுத்தார்கள், முன்கூட்டிச் சொன்னார்களா என்பதை வைத்துத்தான் இருப்பவர்கள் தங்கள் மனதை முடிவு செய்கிறார்கள் என்கிறார். ஆக, அந்த மோட்டிவேஷன் செஷன் ஒரு வாரம் தாமதமாக நடக்கிறது. உண்மையான செஷன் முந்தின வாரம் ஹெச்.ஆர். அறையில் நடந்து முடிந்துவிட்டது.

அந்த அறையில் நம் ஊரில் நடப்பது என்ன? ஆட்குறைப்பு என்று தாளில் வராது. “நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரிலீவிங் லெட்டர் சுத்தமா தர்றோம். இல்லேன்னா டெர்மினேஷன்னு போட வேண்டியிருக்கும், அடுத்த கம்பெனியில கஷ்டம்.” 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் ஒருவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், பணியாற்றிய ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்றெல்லாம் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. எந்தச் சட்டமானாலும், தானாக விலகினேன் என்று கையெழுத்துப் போட்டவருக்கு அதைப் பிடித்து நிற்பது கடினம். எஞ்சியவர்களுக்கோ எத்தனை பேர் போனார்கள், ஏன் போனார்கள் என்பதே தெரியாது. வாட்ஸப் குழுவில் வருகிற எண்ணைத்தான் நம்ப வேண்டும். ரேட்டிங்கா, வயதா, மேனேஜருக்குப் பிடிக்காததா என்று ஆளுக்கொரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள். விதி தெரியாத ஆட்டத்தில் யாரும் மனம்விட்டு ஆட மாட்டார்கள்.

ஐ.டி. ஊழியர்களுக்குச் சங்கம் வைக்க உரிமை உண்டு என்று 2016இல் தமிழக அரசே தெளிவுபடுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு டி.சி.எஸ். நீக்கியவர்களில் ஒருவர் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் மேலாளர் நிலையில் இருந்தவர், தொழிலாளர் இல்லை என்றது நிறுவனம். அவர் செய்தது தொழில்நுட்ப வேலை என்று எடுத்துக்கொண்டு, மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது நீதிமன்றம். தீர்ப்பு வந்தது 2022இல். ஏழு ஆண்டு அவர் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு வாய்தாவுக்கு அலைந்திருக்கிறார்.

எல்லோராலும் ஏழு ஆண்டு அலைய முடியாது. அலையச் சொல்லவும் மாட்டேன். அந்த அறைக்கு உங்களைக் கூப்பிட்டால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். “இப்போது சொன்னதை மெயிலில் அனுப்புங்கள், வீட்டில் கலந்துகொண்டு பதில் சொல்கிறேன்” என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த மெயில் வராது. வராத மெயிலைக் கேட்டு நீங்கள் ஒரு மெயில் போடுங்கள், தேதியோடு, உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு பிரதியோடு. இங்கே இருக்கிற மேனேஜர்களிடம் கேட்பதும் கிட்டத்தட்ட அதேதான்: அறையில் சொல்லத் துணிவதை எழுத்தில் தர முடியாவிட்டால், அதைச் சொல்ல அறைக்குள் போக மாட்டேன் என்று உங்கள் ஹெச்.ஆரிடம் சொல்லுங்கள். உங்கள் குழுவில் மிச்சமிருப்பவர்களுக்கு அந்தச் செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

கேள்விகளுக்குப் போவோம்.